பெட் சிடியில் நெறிக்கட்டி ஒளிர்ந்தால் மூன்றாம் நிலையா?

முடிவு கட்ட வேண்டாம். பெட் சிடி ஸ்கேனில் நெஞ்சின் நடுவே நெறிக்கட்டி ஒளிர்ந்ததை மட்டும் வைத்து உங்கள் அப்பாவின் நுரையீரல் புற்றுநோய் மூன்றாம் நிலை என்று சொல்ல முடியாது. சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தைத்தான் பெட் காட்டும். காசநோய் இருந்தாலும் அப்படி ஒளிரும். நம் ஊரில் அதை மறக்கவே கூடாது.

ரிப்போர்ட்டில் பாருங்கள்: அந்த நெறிக்கட்டியின் குறுக்களவு 1 செ.மீ.க்கு மேலா? சுண்ணாம்பு படிந்திருக்கிறதா? நுரையீரலில் புற்றுக்கட்டி இருக்கும் பக்கமா, எதிர்ப்பக்கமா? எதிர்ப்பக்கம் என்றால் நிலை மாறும்.

அப்புறம், மூச்சுக்குழாய் வழியாக ஊசியில் அந்த நெறிக்கட்டியின் சதையை எடுத்துச் சோதிக்கும் ‘ஈபஸ்’ பற்றி டாக்டரிடம் கேளுங்கள். நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் திருவனந்தபுரம் போகலாம், நீங்கள் இருக்கும் மார்த்தாண்டத்திலிருந்து பக்கம்தான். ரிப்போர்ட் தாள் போதாது, படங்கள் உள்ள டிஸ்க்கையும் கொண்டுபோங்கள்.

ஒன்று: மூளை இயல்பாகவே சர்க்கரையை இழுப்பதால் அங்கே பரவியிருந்தால் பெட்டில் தவறிப்போகலாம். அதற்கு எம்ஆர்ஐ தனியாக எடுக்கச் சொல்வார்கள்.