பிரிந்து வாழும் நகரம்: அளப்பது எப்படி?

கேள்வி: ஏழைகள் ஒரு பக்கம், வசதியானவர்கள் ஒரு பக்கம் என்று எங்கள் நகரம் பிரிந்து கிடப்பது கண்ணுக்கே தெரிகிறது. சொன்னால் ஆதாரம் கேட்கிறார்கள். வார்டுவாரிக் கணக்கு மட்டும் கையில் இருக்கிறது. போதுமா?

போதும். 1955-இல் ஓடிஸ் டங்கன், பெவர்லி டங்கன் என்ற சமூகவியலாளர்கள் அலசி எழுதிய வேற்றுமைக் குறியீட்டெண்ணை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

நகரில் ஏழைகள் 1,000 பேர், மற்றவர்கள் 4,000 பேர், வார்டுகள் மூன்று என்று கொள்வோம். ஏழைகள் முறையே 600, 300, 100. மற்றவர்கள் 400, 1,600, 2,000. முதலில் இவற்றைச் சதவீதமாக்குங்கள்: ஏழைகள் 60, 30, 10, மற்றவர்கள் 10, 40, 50. பலரும் தவறுவது இங்கேதான். வார்டு மக்களில் ஏழைகள் எத்தனை சதவீதம் என்று பார்க்கக் கூடாது. நகரத்து ஏழைகளில் எத்தனை சதவீதம் அந்த வார்டில் இருக்கிறார்கள் என்றே பார்க்க வேண்டும். பிறகு வார்டுக்கு வார்டு வித்தியாசம் (எது பெரிது என்று பார்க்க வேண்டாம்): 50, 10, 40. கூட்டினால் 100, பாதி 50. அதாவது, பிரிவினை நீங்க ஏழைகளில் பாதிப்பேர் வேறு வார்டுக்குக் குடிபெயர வேண்டியிருக்கும். 30-க்குக் கீழே என்றால் குறைவு, 60-க்கு மேல் என்றால் கடுமை என்பது ஆய்வாளர்களின் வழக்கம்.

இப்போது முதல் இரண்டு வார்டுகளையும் ஒன்றாக்கிக் கணக்கிடுங்கள். 50 என்பது 40 ஆகிவிடும். ஒருவரும் வீடு மாறவில்லை, எல்லைக்கோடு மட்டும்தான் மாறியது! பெரிய வார்டுக்குள் முன்தெரு மாடிவீடும் பின்சந்துக் குடிசையும் சேர்ந்து எண்ணப்பட்டு, கலந்து வாழ்வதுபோலத் தோன்றும். ஆகவே கிடைப்பதிலேயே சிறிய பகுதிக்கான கணக்கைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு ஆண்டுகளை ஒப்பிடும்போது எல்லைகள் மாறவில்லையா என்று முதலில் பாருங்கள். ஆனால் பகுதிக்குப் பத்துப் பதினைந்து பேர் என்ற அளவுக்குச் சுருங்கினால், தற்செயலாகவே எண் ஏறிவிடும்.

கேள்வி: அவரவர் விருப்பப்படி அவரவர் சேர்ந்து வாழ்கிறார்கள். இதில் என்ன தவறு?

விருப்பம் ஒரு பங்குதான். அண்டை வீட்டாரில் மூன்றில் ஒரு பங்கு தன் இனத்தவராக இருந்தாலே போதும் என்று நினைப்பவர்கள்கூட, ஒவ்வொருவராக இடம் மாற மாற, கடைசியில் பெருமளவு பிரிந்துவிட முடியும். 1971-இல் தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியலாளர் இதைக் கட்டங்களில் காய்களை நகர்த்திக் காட்டினார். யாரும் அந்த அளவு பிரிவினையைக் கேட்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

மீதியைச் செய்தவை அரசுகள். அமெரிக்காவில் 1930-களில் ஓர் அரசு அமைப்பு நகர வரைபடங்களில் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பில் குறித்து, கடன் கொடுக்க ஆபத்தானவை என்றது. கடன் இல்லாமல் வீடு வாங்கவோ பழுது பார்க்கவோ முடியாது, தெருவே தேய்ந்தது. தென்னாப்பிரிக்கா 1950-இல் சட்டம் போட்டு, எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்தது. அந்தச் சட்டம் 1991-இல் நீக்கப்பட்டது. வீடும் பள்ளியும் பேருந்துத் தடமும் பழைய இடத்திலேயே இருக்கும்போது, சட்டம் போனாலும் தூரம் போவதில்லை.