சாப்பிடுகிறான், வாலாட்டுகிறான், முடிவெடுப்பது எப்போது?

கேள்வி: எங்கள் லாப்ரடார் டைகருக்கு 9 வயது. ஒரு மாதத்துக்கு முன் தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டி தட்டுப்பட்டது. வயதானதால் கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு பின்னங்கால் முட்டிக்குப் பின்னாலும் வந்தது. ஊசியால் உறிஞ்சி எடுத்துப் பரிசோதித்ததில் லிம்போமா என்றார்கள். கீமோ கொடுத்தால் ஒரு வருடம் போல, இல்லாவிட்டால் ஓரிரு மாதம் என்றார் மருத்துவர். கீமோ வேண்டாம் என்று முடிவு செய்தோம். 10 நாளாக பிரெட்னிசோலோன் மாத்திரை மட்டும். கட்டிகள் சுருங்கிவிட்டன, நன்றாகச் சாப்பிடுகிறான், வாலாட்டுகிறான். எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. ராத்திரி நாலு தடவை எழுந்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறேன். அலுவலகத்தில் ‘நாய்தானே’ என்கிறார்கள். கட்டியைப் பார்த்த அன்றே கூட்டிப் போயிருந்தால் பிழைத்திருப்பானா? ஊசி போடுவதென்றால் எப்போது என்று எப்படித் தெரியும்? 7 வயது மகளிடம் என்ன சொல்வது? கடைசியாக ஒரு சின்னக் கேள்வி: கட்டிலில் ஏறக்கூடாது என்று 9 வருடமாகப் பழக்கி வைத்திருக்கிறேன். இப்போது ஏற விடலாமா?

பதில்: முதலில் அந்த ஒரு மாதத்தைப் பேசி முடித்துவிடுவோம். அதுதான் உங்களைத் தூங்க விடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன்.

மார்பகத்திலோ தோலிலோ ஒரு கட்டி வந்தால், சின்னதாக இருக்கும்போதே வெட்டி எடுத்தால் நாய் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். லிம்போமா அந்த வகை இல்லை. அது ரத்த வெள்ளை அணுக்களில் பிறக்கும் புற்றுநோய். நிணநீர்க் கணுக்கள், அதாவது நீங்கள் தொட்டுப் பார்த்த அந்தக் கட்டிகள், வெளியில் தட்டுப்படும் நேரத்தில் பெரும்பாலும் அது உடல் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். கணுக்கள் சில நாள்களிலேயே இரண்டு மடங்கு ஆவதும் உண்டு. முதல் நாளே நீங்கள் என்னிடம் வந்திருந்தாலும் இதே ஊசி, இதே நோய்ப் பெயர், இதே இரண்டு வழிகள். டைகரின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது எந்த வகை வெள்ளை அணுவில் நோய் பிறந்தது, பி செல்லா, டி செல்லா என்பதுதான். டி செல் என்றால் போக்கு மோசம். அதில் உங்கள் பங்கு எதுவும் இல்லை.

அடுத்தது கீமோ. மறுத்தது தவறா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. நாய்களுக்கு லிம்போமாவில் கீமோ கொடுப்பது குணப்படுத்துவதற்காக அல்ல, நல்லபடியாக இருக்கும் நாள்களை நீட்டுவதற்காக. பல மருந்துகளை மாற்றி மாற்றி நாலைந்து மாதம் கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு நோய் அடங்கும். பிறகு பெரும்பாலானவற்றுக்குத் திரும்பி வரும். மனிதர்களுக்குத் தரும் அளவுக்குக் கடுமையாகக் கொடுப்பதில்லை. அதனால் வாந்தி, சோர்வு குறைவு. லாப்ரடார் போன்ற இனங்களுக்கு ரோமமும் அவ்வளவாகக் கொட்டாது. ஆக, அது கொடுமையான சிகிச்சையும் இல்லை, அதை மறுப்பது துரோகமும் இல்லை. ஒரு நடைமுறை விஷயம் மட்டும் சொல்ல வேண்டும்: பிரெட்னிசோலோனைத் தனியாகத் தொடரத் தொடர, புற்றணுக்கள் கீமோ மருந்துகளுக்கும் மசியாமல் போகப் பழகிவிடும். மனதின் ஓரத்தில் ‘கொடுத்துப் பார்க்கலாமோ’ என்ற எண்ணம் இருந்தால் இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தக் கதவை மூடிவிட்டு நிம்மதியாக இருங்கள். பாதி திறந்து வைத்திருப்பதுதான் வேதனை.

இப்போது மாத்திரை. இது ஸ்டீராய்டு. நீங்கள் பார்க்கும் முன்னேற்றம் உண்மையானது, ஆனால் தற்காலிகமானது. இதனால் தண்ணீர் நிறையக் குடிப்பான், அடிக்கடி சிறுநீர் போவான், சும்மா படுத்திருக்கும்போதும் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பான், பசி பேயாக எடுக்கும். வீட்டுக்குள் சிறுநீர் போய்விட்டால் திட்டாதீர்கள், அவன் வேண்டுமென்று செய்யவில்லை. நீங்களாக மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இதோடு சேர்த்து வேறு வலி மாத்திரையும் கூடாது. நாய்களுக்கென்றே வரும் மெலாக்ஸிகாம், கார்ப்ரோஃபென்கூட ஸ்டீராய்டோடு சேர்ந்தால் வயிற்றைப் புண்ணாக்கிவிடும். மனிதர்களுக்கான இபுபுரூஃபென் பக்கமே போகாதீர்கள், அது தனியாகவே நாயின் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாவம் என்று பார்த்து ஒரே ஒரு மாத்திரை கொடுத்துவிட்டு, நோய்க்கு முன்னால் மாத்திரையால் நாயை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பசியைப் பற்றி இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் ‘எப்போது’ என்ற கேள்விக்கு நிறையப் பேர் அங்கேதான் வழி தவறுகிறார்கள். “சாப்பிடுகிறானே டாக்டர்” என்பார்கள். எழுந்து நிற்க முடியாமல், கழுத்தெல்லாம் வீங்கி, இரவெல்லாம் உட்காரவும் படுக்கவும் முடியாமல் தவிக்கும் நாயைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டும் அதையே சொல்வார்கள். லாப்ரடாருக்குச் சாதாரண நாளிலேயே பசிக்கு அளவில்லை. அதற்கு மேல் ஸ்டீராய்டு. இவனுடைய தட்டு காலியாவதை வைத்து எதையும் கணிக்க முடியாது. வாலும் அப்படித்தான். வலியிலும் உங்களைக் கண்டால் வால் ஆடும். அது உங்கள் மேல் உள்ள பாசம், உடம்பு நன்றாக இருப்பதற்கான சான்றிதழ் இல்லை.

வலியில் நாய் கத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் கத்தாது. படுத்த இடத்தை மாற்றிக்கொண்டே இருக்கும், கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்பும், ஆள் நடமாட்டமில்லாத மூலையைத் தேடும், ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருக்கும். அதனால் இன்றைக்கு, அவன் நன்றாக இருக்கும்போதே, ஒரு தாளில் எழுதுங்கள்: டைகரை டைகராக்குவது எவை? வாசல் மணி அடித்தால் முதலில் ஓடுவதா, உங்கள் செருப்பைத் தூக்கிக்கொண்டு போவதா, மகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்குக் கதவருகே உட்காருவதா? நாலைந்து போதும். அந்தப் பட்டியலில் பாதிக்கு மேல் நின்றுபோனால், தட்டு காலியாகிறதா என்பது இரண்டாம்பட்சம். கூடவே நாள்காட்டியில் தினமும் இரவு, நல்ல நாளா கெட்ட நாளா என்று ஒரு குறி போடுங்கள். நோய் மெல்ல நகரும்போது நம் கண் அதற்குப் பழகிவிடும். நேற்றைவிட இன்று கொஞ்சம்தானே மோசம் என்று தோன்றும். நாள்காட்டிக்கு அந்தச் சலுகை தெரியாது.

எண்ணாகப் பார்த்தால் தெளிவு கிடைக்கும் என்பவர்களுக்கு இன்னொரு முறை உண்டு. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் வகுத்தது. வலி, பசி, நீர்ச்சத்து, உடல் சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என்று ஏழு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 10க்கு மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருக்கும்வரை வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்பது கணக்கு. வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். பசிக்கு டைகர் வாங்கும் 10ஐ நான் கண்டுகொள்ள மாட்டேன். மூச்சுத் திணறல் போன்ற அவசரத்துக்கு மட்டும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்காதீர்கள்: கழுத்துக் கணுக்கள் வீங்கித் தொண்டையை அழுத்தி மூச்சுக்குத் திணறினால், ஈறு வெளுத்துப் போனால், எழவே முடியாமல் விழுந்தால் தாளைத் தேடாதீர்கள், அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள்.

‘ஊசி போடுவது’ என்று நீங்கள் எழுதியதைக் கவனித்தேன். எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். அச்சில் வரும் ‘கருணைக்கொலை’ என்ற சொல்லை என்னிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நானும் சொல்வதில்லை, அதிலிருக்கும் ‘கொலை’ வீட்டுக்காரர்கள் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. நடப்பது இதுதான்: முதலில் மயக்கத்துக்கு ஒரு ஊசி, அவன் உங்கள் மடியிலேயே அசந்துவிடுவான். பிறகு ரத்தக்குழாய் வழியாக பென்டோபார்பிட்டால் என்னும் மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்துவோம். சில விநாடிகளில் நினைவு முழுக்கப் போய், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண் திறந்தே இருக்கும். அதன்பின் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலவோ, தசை துடிப்பது போலவோ தெரியலாம், சிறுநீர் வெளியேறலாம். அப்போது அவனுக்கு எதுவும் தெரியாது. இதை முன்னாலேயே சொல்லக் காரணம், சொல்லப்படாதவர்கள் அதைப் பார்த்துவிட்டு ‘துடித்துப் போனான்’ என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் அனுபவத்தில் சீக்கிரம் செய்துவிட்டோமே என்று வருந்தி வந்தவர்கள் சிலர். அந்தக் கடைசி இரவை அவனுக்குக் கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்று வந்தவர்கள் மிகப் பலர். வீட்டுக்கு வந்து செய்வார்களா, இரவில் அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது, பிறகு உடலை என்ன செய்வது என்பதையெல்லாம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அழுதுகொண்டே கேட்கக் கூடாத கேள்விகள் அவை.

இனி உங்களுக்கு. 1944இல் எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் துக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு போர்வீரன் வருகிறான். போர்முனையிலிருந்து உயிரோடு திரும்பினால், மனைவிக்கு அவன் மேல் அன்பே இல்லை. அவன் இறந்துவிடுவான் என்று பயந்து பயந்து அவள் துக்கம் முழுவதையும் முன்கூட்டியே அனுபவித்து முடித்துவிட்டிருந்தாள். டைகர் உங்கள் காலடியில் இருக்கும்போதே நீங்கள் அழுவதும் அந்த வகைதான். இயல்பானது. ஆனால் அவன் இன்னும் இங்கேதான் இருக்கிறான். அவனுக்குத் தன் நோயின் பெயர் தெரியாது, இன்னும் எத்தனை வாரம் என்ற கணக்கும் தெரியாது. வழக்கமான நேரத்துக்கு நடை, வழக்கமான குரல், இதுதான் அவன் எதிர்பார்ப்பது. நடையைச் சுருக்குங்கள், நிறுத்தாதீர்கள்.

‘நாய்தானே’ என்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஊர் ஒப்புக்கொள்ளாத துக்கம் என்று ஒரு வகையே இருக்கிறது. கென்னத் டோகா என்ற ஆய்வாளர் 1989இல் அதைப் பற்றித் தனி நூலே கொண்டுவந்தார். துக்கம் விசாரிக்க யாரும் வராததால்தான் அது இன்னும் கனக்கிறது. நாய் வளர்த்து இழந்த ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள், அவரிடம் விளக்க வேண்டியிருக்காது. இரவில் மூச்சு பார்ப்பதற்கும் ஒரு வழி சொல்கிறேன். தூங்குவதற்கு முன் ஒரே ஒரு தடவை, அவன் அசந்து உறங்கும்போது, ஒரு நிமிடத்துக்கு மார்பு எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். 30க்குள் இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள். 30க்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். இன்னும் இரண்டு வாரமாகியும் தூக்கமும் சாப்பாடும் திரும்பவில்லை என்றாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலோ, அன்றே உங்களுக்கென்று ஒரு மருத்துவரைப் பாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். 7 வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது புரியும். ‘டைகருக்குப் பெரிய நோய், மருந்தால் சரியாகாது, கொஞ்ச நாளில் இறந்துவிடுவான், அது யார் தப்பும் இல்லை, நமக்குத் தொற்றாது’ இவ்வளவு போதும். ‘தூங்க வைக்கப் போகிறோம்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். பிறகு படுக்கைக்குப் போகவே பயப்படும் குழந்தைகள் உண்டு. ‘வேறு வீட்டுக்குப் போய்விட்டான்’ என்பதும் வேண்டாம், அவள் அவனைத் தேடுவாள், தன்னை ஏன் விட்டுப்போனான் என்று கேட்பாள். அழுகை வந்தால் அவள் முன்னாலேயே அழலாம்.

கட்டில்? தாராளமாக ஏறட்டும். ஆனால் தாவ விடாதீர்கள். ஸ்டீராய்டால் சில வாரங்களில் பின்னங்கால் தசை மெலிந்துவிடும், சறுக்கினால் அடிபடும். ஏறி இறங்க உயரம் குறைந்த உறுதியான ஒரு பெட்டியைப் பக்கத்தில் போடுங்கள். மெத்தைக்கு மேல் தண்ணீர் ஊறாத விரிப்பு ஒன்று கட்டாயம். முதல் நாள் அவன் ஏறத் தயங்குவான், 9 வருடப் பழக்கமல்லவா. நீங்கள் முதலில் படுத்துக்கொண்டு, பக்கத்தில் கையால் தட்டிக் கூப்பிடுங்கள்.