பதில்: புவியியல் கால அட்டவணையில் கட்டங்கள் ஏன் சமமாக இல்லை?

வணக்கம் அம்மா. பூமியின் வரலாற்றைப் பிரிக்கும் இயான் (பெரும் பிரிவு), எரா (அதன் உட்பிரிவு), பீரியட் (அதற்கும் உட்பிரிவு) எல்லாம் ஏன் ஒரே நீளத்தில் இல்லை, மகளின் சார்ட்டில் எப்படி வரைவது என்று கேட்டிருந்தீர்கள். சமமாகப் பிரிக்க வேண்டாம். பெரும்பாலான எல்லைகள் பாறையில் தெரியும் மாற்றத்தை வைத்துத்தான். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் அழிந்த இடத்தில் கிரெட்டேசியஸ் பீரியட் முடிகிறது. அந்த எல்லையில் உள்ள மெல்லிய களிமண் அடுக்கில் இரிடியம் என்ற அரிய உலோகம் திடீரென்று கூடியிருக்கும்.

பூமியின் மொத்த வயதுக்கு 46 செ.மீ. ரிப்பன் எடுங்கள், ஒரு செ.மீ. 10 கோடி ஆண்டு. டிரைலோபைட் என்ற பழங்காலக் கடல் உயிரி முதல் நாம் வரை கடைசி ஐந்தரை செ.மீ.க்குள் அடங்கிவிடும்! அதுதான் ஃபனரோசோயிக் இயான்.

அப்புறம், ஞாயிறு காலை பெங்களூரு லால்பாக் தோட்டத்துப் பாறைக்குக் கூட்டிப்போங்கள். வெளுப்பும் கருப்புமாக வரியோடும் அந்த நைஸ் (gneiss) வகைப் பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமை, ஆர்க்கியன் இயானைச் சேர்ந்தது. ரிப்பனையும் கொண்டுபோய், அந்தப் பாறையின் காலத்தை அதில் அங்கேயே குறிக்கச் சொல்லுங்கள்.