காட்டுக்குள் பார்த்த இரட்டைவால் குருவி: எந்தக் கரிச்சான் என்று சொல்வது எப்படி?

கேள்வி: கோவை ஆனைகட்டிப் பக்கம் வார இறுதிகளில் பறவை பார்க்கப் போகிறேன். எட்டு மாதப் பழக்கம்தான். ஊருக்குள் மின்கம்பியில் உட்காரும் இரட்டைவால் குருவியை நன்றாகத் தெரியும். காட்டுக்குள் போனால்தான் சிக்கல். அதே உருவத்தில் ஒன்று சாம்பலாகத் தெரிகிறது, இன்னொன்றுக்கு வயிற்றில் வெள்ளை இருக்கிறது. டிசம்பரில் எடுத்த இரண்டு படங்களை மூன்று பேரிடம் காட்டினேன். மூன்று பேரும் மூன்று பெயர் சொன்னார்கள். காட்டில் நின்றபடியே இவற்றைப் பிரிப்பது எப்படி? படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்: மூன்று பேர் மூன்று பெயர் சொன்னதில் ஆச்சரியமில்லை. கரிச்சான் விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்களும் தடுமாறுவார்கள். உங்கள் படங்களுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் நிறத்திலிருந்து தொடங்குகிறீர்கள். கரிச்சானில் நிறத்தைக் கடைசியாகத்தான் பார்க்க வேண்டும்.

ஏன் என்றால், நீங்கள் மின்கம்பியில் பார்க்கும் இரட்டைவால் குருவியான சாதாரணக் கரிச்சானின் இறகு எண்ணெய் தடவியது மாதிரி மினுமினுப்பானது. சாய்வெயில் முதுகில் பட்டால் சாம்பல் பூத்த கரிக்கட்டையாகத் தெரியும். உண்மையான சாம்பல் கரிச்சானோ, வெளுத்த வானத்தைப் பின்னால் வைத்து உச்சிக்கிளையில் உட்கார்ந்தால் அட்டைக் கறுப்பாகத் தெரியும். காலை ஏழு மணிக்குச் சாம்பல் என்று எழுதிய பறவையே ஒன்பது மணிக்குக் கறுப்பாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். சாம்பல் கரிச்சான் நம் ஊரில் குஞ்சு பொரிப்பதில்லை. இமயமலைப் பக்கம் இனப்பெருக்கம் செய்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருகிறது. ஐப்பசி வாக்கில் வந்து இறங்கினால் பங்குனி, சித்திரை வரை இருக்கும். ஜூன் மாதத்தில் ஆனைகட்டியில் சாம்பல் கரிச்சான் என்று குறிப்பேட்டில் எழுதப் போகிறீர்கள் என்றால், பேனாவை மூடி வைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். மற்ற இரண்டும், அதாவது சாதாரணக் கரிச்சானும் வெள்ளை வயிற்றுக் கரிச்சானும், வருடம் முழுக்க இங்கேயே இருப்பவை.

அடுத்தது இடம். சாதாரணக் கரிச்சான் வெட்டவெளிப் பறவை. மாட்டின் முதுகு, வேலிக்கல், மின்கம்பி, உழுத வயலின் ஓரம் இவைதான் அதன் நாற்காலிகள். காட்டுக்குள் வந்தாலும் ஓரத்தோடு நிற்கும். மரங்கள் அடர்ந்த பகுதிக்குள் அதிகம் நுழையாது. சாம்பல் கரிச்சான் காட்டிலும் தோப்பிலும் இருக்கும். மொட்டை மரத்தின் உச்சியில் உட்கார்ந்து, அங்கிருந்து நீளமாக ஒரு வளையம் அடித்துப் பூச்சியைப் பிடித்துவிட்டுத் திரும்ப அதே குச்சிக்கு வருவது அதற்குப் பிடித்த வேலை. வெள்ளை வயிற்றுக் கரிச்சானுக்குத் தேக்கு, மூங்கில் கலந்த இலையுதிர் காடு பிடிக்கும். பெரும்பாலும் மர நிழலின் நடுமட்டத்தில் இருக்கும், உச்சியில் குறைவு. இதெல்லாம் சட்டம் இல்லை, வழக்கம்தான். காட்டோரத்தில் மூன்றையும் ஒரே மரத்தில் பார்க்க நேரலாம். ஆனைகட்டி அப்படிப்பட்ட இடம்தான்: ஒரு பக்கம் வயல், மறுபக்கம் முள்காடு, மேலே ஏறினால் இலையுதிர் காடு.

சரி, மாதமும் இடமும் பார்த்தாயிற்று, இன்னும் சந்தேகம் தீரவில்லை. இப்போது பைனாகுலரை எடுத்து மூன்று சின்ன இடங்களைப் பாருங்கள்.

முதலாவது வாயோரம். சாதாரணக் கரிச்சானுக்கு மேல் அலகும் கீழ் அலகும் சேரும் மூலையில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும், கடுகளவுதான். சோறு தின்றுவிட்டு வாய் துடைக்காத குழந்தை மாதிரி என்று புதியவர்களிடம் சொல்வேன், உடனே பிடித்துக்கொள்வார்கள். சாம்பல் கரிச்சானுக்கு இது கிடையாது. ஆனால் ஒரு எச்சரிக்கை: பொட்டு தெரிந்தால் சாதாரணக் கரிச்சான் என்று துணிந்து எழுதலாம், தெரியாததை வைத்துச் சாம்பல் என்று எழுதக் கூடாது. இளசுகளுக்குப் பொட்டு இல்லாமலும் இருக்கும். தலை கொஞ்சம் திரும்பியிருந்தாலே பெரியவற்றிலும் மறைந்துவிடும்.

இரண்டாவது கண். சாம்பல் கரிச்சானின் கண் குங்குமச் சிவப்பு. சுமாரான வெளிச்சத்திலேயே கங்கு மாதிரி தெரியும். சாதாரணக் கரிச்சானின் கண்ணும் சிவப்புக் கலந்ததுதான், ஆனால் அடர்ந்த பழுப்பு; தூரத்தில் கறுப்பு முகத்தோடு கலந்துவிடும், கண் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். தேடாமலே கண் தெரிகிறதா என்பதுதான் என் சோதனை.

மூன்றாவது, வாலுக்கு அடியில் உள்ள பகுதி. வெள்ளை வயிற்றுக் கரிச்சானுக்குத் தொண்டையும் மார்பும் சாம்பல், அதற்குக் கீழே வயிற்றிலிருந்து வாலடி வரை ஒரே சுத்தமான வெள்ளை. சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடு நிற்பது போல, எங்கே சாம்பல் முடிகிறது எங்கே வெள்ளை தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும். உருவமும் மற்ற இரண்டைவிடச் சின்னது. சுமார் 24 செ.மீ. சாதாரணக் கரிச்சானும் சாம்பலும் வாலோடு சேர்த்து 28, 29 செ.மீ. வரும்.

குழப்பமே இங்கேதான். சாதாரணக் கரிச்சானின் இளசுக்கும் வயிற்றில் வெள்ளை உண்டு. கோடையில் பொரித்த குஞ்சு மார்கழியில் கம்பீரமாகத் தனியே வேட்டையாடும். வயிறு மட்டும் இன்னும் பிள்ளைத்தனமாக இருக்கும். உற்றுப் பார்த்தால் அந்த வெள்ளை பிறை பிறையாக, மீன் செதில் அடுக்கியது மாதிரி இருக்கும். ஒவ்வொரு கறுப்பு இறகின் நுனியிலும் ஒரு வெள்ளை விளிம்பு, அவ்வளவுதான். இடையிடையே கறுப்பு எட்டிப் பார்க்கும். வாலின் பிளவும் பெரியவற்றைப் போல ஆழமாக இருக்காது. தமிழ்நாட்டில் வெள்ளை வயிற்றுக் கரிச்சான் என்று பதிவாகிற படங்களில் நான் திருத்தச் சொல்வது பெரும்பாலும் இந்த இளசுகளைத்தான்.

வாலைப் பற்றியும் சொல்ல வேண்டும், எல்லோரும் அதைத்தான் முதலில் நம்புகிறார்கள். இறகு உதிர்க்கும் காலத்தில் பிளவு காணாமல் போய்விடும். ஒரு பக்க இறகு மட்டும் நீண்டிருக்கும். வாலின் இரு ஓர இறகுகளும் நீண்டு நுனியில் துடுப்பு மாதிரி விரிந்திருக்கும் துடுப்புவால் கரிச்சான், அந்த இரண்டு துடுப்புகளையும் இழந்து நிற்கும்போது அதைச் சாதாரணக் கரிச்சான் என்று எழுதியவர்கள் உண்டு. அப்போது நெற்றியைப் பாருங்கள். அலகின் அடியில் சின்னதாகக் குஞ்சம் எழும்பியிருக்கும், அலகும் தடிமனாக இருக்கும். துடுப்பு இருந்தால் பிரச்சினையே இல்லை. பறக்கும்போது இரண்டு வண்டுகள் பின்னாலேயே துரத்திக்கொண்டு வருவது போல் தெரியும்.

ஈரக்காடுகளுக்குப் போனால் பட்டியலில் இன்னும் இரண்டு சேரும். வெண்கலக் கரிச்சான் சின்னது, உடலில் உலோகப் பளபளப்பு, வால் பிளவு குறைவு. கொண்டைக் கரிச்சானின் வால் நுனி இரு பக்கமும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். இலவமும் முருக்கும் பூக்கிற மாதங்களில் அந்த மரத்தடியில் காத்திருந்தால் தேன் குடிக்க வரும். ஆனைகட்டியின் வறண்ட பகுதியில் இவற்றைப் பற்றி நீங்கள் இப்போதைக்குக் கவலைப்பட வேண்டாம்.

கவலைப்பட வேண்டியது இன்னொன்று, கரிச்சானே இல்லாத கரிச்சான். சில வருடங்களுக்கு முன் ஜூலைச் சாரலில் டாப்சிலிப்பில் ஒரு பறவையைப் பார்த்தேன். கறுப்பு, வால் பிளவு, சரியான அளவு. வெண்கலக் கரிச்சான் என்று எழுதியும் விட்டேன். அது கிளையைவிட்டு நகரவே இல்லை. கரிச்சான் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது பாய்ந்திருக்க வேண்டுமே என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவாக இலைக்குள் அலகை விட்டு ஒரு கம்பளிப்புழுவை இழுத்தது. கொஞ்ச நேரம் கழித்து விசில் அடித்தது, ஐந்தாறு சுரம், படி ஏறுவது போல ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி மேலே. கரிச்சான் குயில்! அதற்கப்புறம்தான் வாலடியில் மெல்லிய வெள்ளைக் கோடுகளும், குயிலுக்கே உரிய மெலிந்து வளைந்த அலகும் கண்ணில் பட்டன. குறிப்பேட்டில் அடித்துத் திருத்திய அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. இந்தக் குயில் முட்டையிடுவது கரிச்சான் கூட்டில்கூட இல்லை, பெரும்பாலும் சிலம்பன் இனத்துச் சின்னப் பறவைகளின் கூட்டில். அப்புறம் எதற்கு இந்த வேஷம் என்று கேட்டால், கரிச்சானைக் கண்டால் காக்கையும் பருந்துமே ஒதுங்குகின்றன, அந்தத் தோற்றத்துக்கு ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது. மதுரைத் தலபுராணத்தில் காக்கைகளிடம் கொத்துப்பட்ட கரிக்குருவி சிவனிடம் உபதேசம் பெற்று ‘வலியான்’ ஆன கதை நினைவிருக்கலாம்.

பெயர் என்றதும் ஒரு எச்சரிக்கை. உள்ளூர்க்காரர் ‘கரிச்சான் இருக்குங்க’ என்றால் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். குண்டுக்கரிச்சான் முற்றிலும் வேறு. கறுப்பும் வெள்ளையுமாகத் தோட்டத்தில் வாலைத் தூக்கிப் பாடும் பறவை.

குரலை வைத்துப் பிரிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கொஞ்சம் உதவும், ரொம்ப நம்பாதீர்கள். கரிச்சான்களில் பல பேர் குரல் திருடர்கள். வல்லூறு கத்துகிறது என்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளை வயிற்றுக் கரிச்சான் உட்கார்ந்திருக்கும். இலங்கையின் சிங்கராஜ வனத்தில் பறவை ஆய்வாளர்கள் சரத் கொட்டகமவும் ஈபன் குட்டேலும் செய்த ஆய்வில், அங்குள்ள கரிச்சான் மற்றப் பறவைகளின் குரலைப் போலச் செய்து அவற்றைப் பல இனங்கள் சேர்ந்து இரை தேடும் தன் கலப்புக் கூட்டத்துக்கு இழுக்கிறது என்று கண்டார்கள்.

இலங்கை வாசகர்கள் மேலே சொன்ன வெள்ளை வயிற்று விதியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே ஈரவலயத்தில் உள்ள அதே இனத்துக்கு வெள்ளை வாலடியோடு நின்றுவிடுகிறது. வடபகுதிப் பறவைக்குத்தான் கூடுதலாக வெள்ளை. சாதாரணக் கரிச்சானும் அங்கே யாழ்ப்பாணம், மன்னார் போன்ற வடக்கு, வடமேற்குக் கரைப் பகுதிகளோடு பெரும்பாலும் அடங்கிவிடும்.

படம் எடுக்கும்போது வானம் பின்னால் இருந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பாவது கூட்டுங்கள். வானம் வெளுத்துப் போனால் போகட்டும், வயிறு எந்த நிறம் என்று தெரியும். இணையத்தில் ஒப்பிடும்போதும் கவனம்: சாம்பல் கரிச்சான் என்று தேடினால் வெள்ளை முகமும் வெளிர்சாம்பல் உடலுமாகச் சில படங்கள் வரும். அவை தென்கிழக்கு ஆசியாவில் காணப்படும் கிளையினங்கள். நம்மிடம் வருவது ஸ்லேட்டுப் பலகை நிறத்தில், முகத்தில் வெள்ளை இல்லாதது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு ‘நான் பார்த்தது இவ்வளவு வெளுப்பாக இல்லையே, அப்போது கறுப்புதான்’ என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய.

இனி உங்கள் படங்கள். முதலாவது, மொட்டை மரத்தின் உச்சி, டிசம்பர், வாயோரம் தெளிவாகத் தெரியும் கோணம், பொட்டு இல்லை, பெரிதாக்காமலே கண் சிவப்பு. வயிறு முதுகைவிட ஒரு மாற்று மங்கல், மினுக்கு இல்லை. சாம்பல் கரிச்சான், தயங்காமல் எழுதுங்கள்.

இரண்டாவதில் பறவை சோளக்காட்டை ஒட்டிய வேலமரத்தில் உட்கார்ந்திருக்கிறது. வயிற்றில் செதில் செதிலாக வெள்ளை, நடுவே கறுப்புத் திட்டு. இளங்கரிச்சான், சாதாரண இனம். வெள்ளை வயிற்றுக் கரிச்சான் என்று சொன்ன நண்பரிடம் அந்தத் திட்டைப் பெரிதாக்கிக் காட்டுங்கள்.

மூன்றாவதாக ஒரு படத்தையும் கேள்வியில் சொல்லாமல் சேர்த்திருக்கிறீர்கள், மாலையில் மூங்கிலுக்குள் முதுகு காட்டி உட்கார்ந்த ஒன்று. அதில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பறவைப் பதிவுக்கான ஈபேர்டு இணையதளப் பட்டியலில் ‘டிராங்கோ எஸ்பி.’ என்று ஒரு வரி இருக்கிறது, கரிச்சான்தான், எந்த இனம் என்று தெரியவில்லை என்று அர்த்தம். அதில் போட்டுவிடுங்கள். என் பட்டியல்களிலும் அந்த வரி நிறைய உண்டு.