‘விசேஷம் ஏதும் உண்டா?’ – குழந்தையின்மையும் மனமும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், குழந்தைக்காகச் சிகிச்சை பெறும் தம்பதியருக்கு 19 ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரையும் வயதையும் மட்டும் வைத்திருக்கிறேன்.

நாத்தனாரின் வளைகாப்பில் நலங்கு வைக்க எழுந்தேன். ‘நீ இரு, மற்றவர்கள் வைக்கட்டும்’ என்றார் மாமியார். குளியலறைக்குள் போய் அழுதேன். இப்போது கர்ப்பிணிகளைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. என் மனம் கெட்டுவிட்டதா அக்கா? (சாட்ஸ்வொர்த், 33)

இல்லையம்மா, உங்கள் மனம் துக்கத்தில் இருக்கிறது. ஒருவர் இறந்தால் பதினாறாம் நாள் வரை ஊரே வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது. மாதவிலக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு நம்பிக்கை சாகிறதே, அதற்கு யார் வருகிறார்கள்? குழந்தையில்லாப் பெண்களின் மனச்சோர்வும் பதற்றமும் புற்றுநோயாளிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் இருக்கும் அளவுக்கே இருந்ததாக, 1993-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கண்டது. நீங்கள் மிகைப்படுத்தவில்லை.

அடுத்த வளைகாப்புக்குச் சீரை அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருங்கள். நலங்கு வைக்கும் கையில் தோஷம் பார்ப்பது கொடுமை. அதை மாமியாரிடம் உங்கள் கணவர் சொல்ல வேண்டும்.

எனக்குத்தான் விந்தணு குறைவு என்று அறிக்கை வந்திருக்கிறது. மனைவிக்கு மட்டும் தெரியும். என் வீட்டார் அவளைத்தான் குறை சொல்கிறார்கள். வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. (ஃபீனிக்ஸ், 37)

ஒரே அறிக்கையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள் தம்பி. விந்தணு உருவாக ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை குறையும். சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஜிம்மில் உடம்பை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடக்கூடும். குழந்தையில்லாத் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் உடலிலும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனாலும் ‘மலடி’ என்ற சொல் நம் வீடுகளில் நாக்கு நுனியில் நிற்கிறது. ‘மலடன்’ என்று எவரையும் ஏசி நான் கேட்டதில்லை.

இனிதான் கடினமான பகுதி. உங்கள் மானத்தைக் காக்க உங்கள் மனைவி தினமும் பழி சுமக்கிறார். என் முன்னால் உட்கார்ந்து பிரிவைப் பற்றிப் பேசிய மனைவியர் பலர் சொன்னது இதுதான்: ‘அன்றைக்கு அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.’ அறிக்கையை ஊருக்குக் காட்ட வேண்டாம். ‘இருவரும் சிகிச்சை எடுக்கிறோம், இனி அவளிடம் இதைப் பேசாதீர்கள்’ என்று மனைவி பக்கத்தில் இருக்கும்போதே அம்மாவிடம் சொல்லுங்கள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும்.

நான் கவலைப்படுவதால்தான் கரு தங்கவில்லை என்கிறார்கள். உண்மையா? (லெனேசியா, 30)

செயற்கைக் கருத்தரிப்புக்கு (ஐவிஎஃப் போன்றவை) முன்பு பெண்ணுக்கு இருந்த மன வேதனை அதன் பலனைக் குறைக்கவில்லை என்று, 14 ஆய்வுகளில் பங்கேற்ற 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. கவலையால்தான் கரு தங்கவில்லை என்பது அழுகிறவளையே குற்றவாளியாக்கும் பேச்சு. காதில் வாங்காதீர்கள்.

மூன்று ஆண்டுகளாகப் புரட்டாசி விரதம். ஈஸ்டர் விழாவில் மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். டாக்டரிடம் போனால் அம்மன்மேல் நம்பிக்கையில்லை என்றாகாதா? (டோங்காட், 36)

ஆகாது. விரதமும் இருங்கள், சோதனைக்கும் போங்கள். ஓராண்டு முயன்றும் தரிக்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். 35 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆறு மாதம்தான். நீங்கள் மூன்று ஆண்டு காத்துவிட்டீர்கள், இந்த வாரமே போங்கள். மெடிக்கல் எய்ட் என்னும் மருத்துவக் காப்பீடு இருந்தால், குறைந்தபட்சப் பலன்கள் என்று சட்டம் வகுத்த பட்டியலில் குழந்தையின்மைக்கான அடிப்படைச் சோதனைகள் அடங்கும். ஐவிஎஃப் அதில் இல்லை. அந்தச் செலவைப் பற்றிக் கணவருடன் முன்பே பேசுங்கள். பணக் கவலையும் மனத்தைத் தின்னும்.

பேரப்பிள்ளை எப்போது என்று மருமகளைக் கேட்பதும் தவறா? (வெருலம், 61)

தவறுதான் அம்மா. உங்கள் ஏக்கம் எனக்குப் புரிகிறது. அதை என்னிடமோ கோயிலிலோ கொட்டுங்கள். அவளிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள்.

மூன்று ஐவிஎஃப் தோற்றன. நான் போதும் என்கிறேன், கணவர் இன்னொரு முறை என்கிறார். சில நாட்களில் வாழவே பிடிக்கவில்லை. (பீட்டர்மாரிட்ஸ்பர்க், 39)

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதல் பதில். இன்றே ஒருவரிடம் பேசுங்கள். தென்னாப்பிரிக்க மனச்சோர்வு, பதற்றக் குழுவின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. அழைப்புக்குக் கட்டணம் இல்லை. உயிரை விடலாம் என்ற எண்ணம் வலுத்தால் தனியாக இருக்காதீர்கள், அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த முயற்சியைப் பற்றி இப்போது முடிவெடுக்க வேண்டாம். சில மாதம் நாட்காட்டியையும் ஊசியையும் விட்டு விலகியிருங்கள். தத்தெடுப்பைப் பற்றி உறவினர் பேச ஆரம்பித்திருப்பார்கள். 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி அதற்கு நல்ல வழி இருக்கிறது, ஆனால் இந்தத் துக்கத்தை மூடும் துணியாக ஒரு குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். உங்கள் கணவர் இன்னொரு முறை என்பது பிடிவாதமாக இல்லாமலும் இருக்கலாம்; நிறுத்தினால் நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று பயந்து அப்படிச் சொன்ன ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கேள்வியின் கடைசி வரியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.