31 இடத்துக்கு எழுதியாச்சு, ஒரு இடத்துல இருந்தும் பணம் வரல… வகுப்பை மூடிடலாமா?

கேள்வி: நாங்க மூணு தோழிகள் சேர்ந்து நாலு வருஷமா 12 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் உள்ள பொண்ணுங்களுக்கு சாயங்கால வகுப்பு நடத்துறோம். படிப்பை பாதியில நிறுத்தினவங்க, நிறுத்தப் போறவங்கதான் அதிகம், மொத்தம் 46 பேரு. பாடம், கம்ப்யூட்டர், கூடவே உடம்பை பத்தியும் உரிமையை பத்தியும் பேசுறதும் உண்டு. இதுவரைக்கும் எங்க சம்பளத்துல இருந்து போட்டுதான் ஓட்டினோம், இனிமே முடியல. ஒரு வருஷமா நெட்ல 'பெண்களுக்கான மானியம்'னு தேடி, கண்ணுல பட்ட 31 இடத்துக்கு ஒரே ப்ரோபோசலை அனுப்பினோம். ரெண்டு பேர் மட்டும் முடியாதுன்னு பதில் போட்டாங்க, மத்தவங்ககிட்ட இருந்து ஒண்ணுமே வரல. நாங்க இன்னும் ரெஜிஸ்டர் பண்ணல. இப்ப ஒருத்தர் வந்து ப்ரோபோசலை நானே எழுதித் தர்றேன், கிடைக்கிற பணத்துல 10 சதவீதம் குடுத்தா போதும்ங்கிறார். ஒத்துக்கலாமா? – ஒரு வாசகி

பதில்:

அன்புத் தோழிக்கு, மூட வேணாம். அந்த 10 சதவீதத்துக்கும் ஒத்துக்க வேணாம்.

முதல்ல அந்த 10 சதவீதத்தை பேசிடலாம், ஏன்னா அவர் உங்ககிட்ட பதிலுக்காக காத்துட்டு இருப்பார். நிதி திரட்டுறதையே தொழிலா செய்றவங்களுக்கு சர்வதேச அளவுல சங்கங்கள் இருக்கு, அசோசியேஷன் ஆஃப் ஃபண்ட்ரெய்சிங் புரொஃபஷனல்ஸ்னு ஒண்ணு, கிராண்ட் புரொஃபஷனல்ஸ் அசோசியேஷன்னு இன்னொண்ணு, ரெண்டோட நெறிமுறையிலயும் கிடைக்கிற பணத்துல சதவீதம் வாங்கக் கூடாதுன்னு இருக்கு. செஞ்ச வேலைக்கு கூலி வாங்கலாம், கமிஷன் வாங்கக் கூடாது. காரணம் ரொம்ப சிம்பிள். டோனர், அதாவது பணம் குடுக்கிறவங்க, அந்தப் பணத்தை பொண்ணுங்களுக்குன்னு ஒவ்வொரு வரியா கணக்கு போட்டு குடுக்குறாங்க, அதுல எழுதினவருக்கு கமிஷன்னு ஒரு வரி போட முடியாது, அப்ப வேற எதோ ஒரு செலவுல அதை ஒளிச்சு வைக்கணும், ஆடிட்ல அது வெளிய வந்தா அவர் பேரு கெடாது, உங்க பேருதான் கெடும். அது மட்டும் இல்ல, உங்க பொண்ணுங்க ஒருத்தியைக் கூட பார்க்காத ஒருத்தர் எழுதுற ப்ரோபோசல் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும். அதை கீழ சொல்றேன்.

இப்ப அந்த 31 இடம். படிச்சப்ப மனசு கனத்துப் போச்சு, ஒரு வருஷம் ராத்திரி ராத்திரியா உக்காந்து எழுதியிருப்பீங்க. ஆனா உங்க வேலை மோசம்னு அந்த 31 பேர்ல யாரும் சொல்லலங்கிறதை கவனிங்க, பாதிப் பேர் அதை திறந்தே பார்த்திருக்க மாட்டாங்க. பெண்களுக்கான பணம்ங்கிறது வெளிய இருந்து பார்க்கிறப்ப தோணுற அளவுக்கு பெருசு கிடையாது. வளர்ந்த நாடுகள் குடுக்குற வளர்ச்சி உதவிக்கு பாலின சமத்துவத்தை வச்சு 0, 1, 2ன்னு ஒரு மார்க் போடுறாங்க, ஓஇசிடிங்கிற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்திருக்கிற பொருளாதார அமைப்போட முறை இது. 0ன்னா அந்த திட்டத்துல பாலினம் நோக்கமே இல்ல, 1ன்னா கூட ஒரு நோக்கமா இருக்கு, 2ன்னா பாலின சமத்துவம்தான் முக்கிய நோக்கம். 2020-21 கணக்குப்படி அந்த 2 மார்க் வாங்கின பணம் 4 சதவீதம்தான். அதுலயும் பெண்களே நடத்துற சின்ன அமைப்புகள் கைக்கு நேரா வர்றது இன்னும் ரொம்பக் கொஞ்சம். அதனால பேனர்ல பெண்கள்னு போட்டிருக்கிற எல்லா கதவையும் தட்டினா கை வலிக்கிறதுதான் மிச்சம், எந்தக் கதவு உங்களை மாதிரி ஆளுங்களுக்கு ஏற்கனவே திறந்திருக்குன்னு பார்த்துட்டு தட்டணும்.

அதை எப்படி பார்க்கிறதுன்னா, டோனரை தேடாதீங்க, பணம் வாங்கினவங்களை தேடுங்க. உங்களை மாதிரியே பொண்ணுங்களோட வேலை செய்ற, உங்க சைஸ்ல இருக்கிற, இல்ல உங்களை விட கொஞ்சம் பெரிய அஞ்சாறு அமைப்பை எடுத்துக்கோங்க. அவங்க ஆண்டறிக்கையோட கடைசி பக்கத்துக்கு போங்க, அங்கதான் யார் பணம் குடுத்தாங்கன்னு இருக்கும். பொடி எழுத்துல இருக்கும், பொறுமையா படிங்க. இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்காவுல இருக்கிற தனியார் ஃபவுண்டேஷன்கள் வருஷா வருஷம் 990-பிஎஃப்னு ஒரு வரிப் படிவம் தாக்கல் பண்ணணும், யாருக்கு எவ்வளவு குடுத்தோம்னு அதுல எழுதியே ஆகணும், அது பொதுவுல யாரும் பார்க்கலாம். புரோபப்ளிகாங்கிற அமெரிக்க செய்தி நிறுவனம் நடத்துற நான்பிராஃபிட் எக்ஸ்ப்ளோரர்ங்கிற வெப்சைட்ல இலவசமா கிடைக்குது. பிரிட்டன்ல 360கிவிங்னு ஒரு அமைப்போட கிராண்ட்நேவ்ங்கிற தேடல் இருக்கு, அதுவும் இலவசம். கேண்டிட்னு ஒரு அமைப்பு, 2019ல ஃபவுண்டேஷன் சென்டரும் கைட்ஸ்டாரும் சேர்ந்து உருவானது, பணம் குடுக்கிற ஃபவுண்டேஷன்களை பட்டியல் போட்ட அவங்க டைரக்டரி ரொம்ப பெருசு, காசு கட்டணும், ஆனா சில நூலகங்கள்ல இலவசமா பார்க்க விடுறாங்க. இதுல ஒரு ஃபவுண்டேஷன் பேரை போட்டு அது போன மூணு வருஷத்துல குடுத்த சின்ன சின்ன தொகையை மட்டும் பாருங்க. எல்லாமே பெரிய பல்கலைக்கழகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போயிருந்தா அந்த இடத்தை அப்படியே விட்டுடுங்க, அவங்க வெப்சைட்ல பெண் குழந்தைகள்னு எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் சரி. இந்த ஒரு வேலையை முதல்லயே செஞ்சிருந்தா உங்க 31 அஞ்சா ஆறா குறைஞ்சிருக்கும், அந்த அஞ்சுக்கும் நிஜமாவே நேரம் குடுத்திருப்பீங்க.

அடுத்தது, உங்களுக்கு பெண்கள் நிதியங்கள் பத்தி தெரியலையோன்னு தோணுது, உங்க லெட்டர்ல ஒண்ணோட பேரு கூட இல்ல. பெண்களே சேர்ந்து பணம் திரட்டி முக்கியமா பெண்கள் குழுக்களுக்கு குடுக்கிற ஃபண்டுகள் இவை. ஆம்ஸ்டர்டாம்ல 1983ல ஆரம்பிச்ச மாமா கேஷ், அமெரிக்காவுல 1987ல ஆரம்பிச்ச குளோபல் ஃபண்ட் ஃபார் விமன், இளம் பெண்களோட குழுக்களுக்குன்னே இருக்கிற ஃப்ரிடா. இதுல ஃப்ரிடாவோட முறை எனக்கு ரொம்ப பிடிக்கும், அப்ளை பண்ணின குழுக்களே ஒருத்தர் அப்ளிகேஷனை ஒருத்தர் படிச்சு ஓட்டு போட்டு யாருக்கு பணம்னு முடிவு பண்றாங்க, ரெஜிஸ்டர் பண்ணாத குழுவும் கேட்கலாம். ஆனா நடத்துறவங்களுக்கு வயசு வரம்பு இருக்கு, நீங்க மூணு பேரும் அதுக்குள்ள வர்றீங்களான்னு பார்த்துக்கோங்க, வரலைன்னா உங்ககிட்ட படிச்சு பெருசான பொண்ணுங்களே ஒரு குழுவா சேர்ந்து கேட்கலாமே, அது உங்க வகுப்புக்கும் நல்லது. பிராஸ்பெராங்கிற பேர்ல இந்த மாதிரி பெண்கள் நிதியங்களோட சர்வதேச கூட்டமைப்பு ஒண்ணு இருக்கு, 40க்கு மேல உறுப்பினர்கள், அந்த பட்டியல்ல உங்க பகுதிக்கு எது வருதுன்னு பார்த்து முதல் மெயிலை அங்க போடுங்க. தூரத்துல இருக்கிற பெரிய பேரை விட கிட்ட இருக்கிற சின்ன ஃபண்டுதான் உங்க மெயிலுக்கு பதில் போடும்.

உங்க 31ல பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்கிறதுக்கான ஐநா அறக்கட்டளை நிதியும் இருந்திருக்கும்னு நினைக்கிறேன், தேடினா மேல வர்றது அதுதானே. 1996ல ஐநா பொதுச்சபை உருவாக்கினது, ஐநாவோட பெண்கள் அமைப்பான யுஎன் விமன் நிர்வகிக்குது, நல்ல நிதி. ஆனா பேர்லயே இருக்கு பாருங்க, வன்முறையை தடுக்கிறது, பாதிக்கப்பட்டவங்களுக்கு துணை நிக்கிறது, சட்டத்தை நடைமுறைக்கு கொண்டு வர்றது, அதுக்குத்தான். அனுபவமும் பதிவும் உள்ள அமைப்புதான் கேட்க முடியும். சாயங்கால வகுப்புக்கு அங்க கேட்டா அது தப்பான கதவு. அதே மாதிரி அர்ஜெண்ட் ஆக்‌ஷன் ஃபண்ட்னு ஒண்ணு இருக்கு, ஆபத்துல இருக்கிற பெண் செயல்பாட்டாளர்களுக்கு மின்னல் வேகத்துல உதவுறது, அதுகிட்ட போய் வாடகை கேட்கக் கூடாது. தகுதி என்னன்னு போட்டிருக்கிற பக்கத்தை மூணு தடவை படிங்க, சந்தேகம் இருந்தா ரெண்டு வரி மெயில் போட்டு நாங்க இப்படி இப்படி, அப்ளை பண்ணலாமான்னு கேட்டுடுங்க. இப்படி கேட்கிறதை யாரும் தொந்தரவா நினைக்க மாட்டாங்க, பொருந்தாத அப்ளிகேஷன் ஒண்ணை படிக்கிற வேலை அவங்களுக்கும் மிச்சம்.

ரெஜிஸ்ட்ரேஷன் விஷயத்துல உங்களுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பண்ணிடுறது, நாலு வருஷம் தாண்டின வேலைக்கு அது தேவைதான், இப்ப ஆரம்பிச்சாதான் ரெண்டு மூணு வருஷ ஆடிட் கணக்கு கேட்கிற இடத்துக்கு ஒரு நாள் போக முடியும். இன்னொண்ணு, அதுவரைக்கும் பதிவு பண்ணின, நம்பிக்கையான ஒரு அமைப்போட பேர்ல பணத்தை வாங்குறது, இதை ஃபிஸ்கல் ஸ்பான்சர்ஷிப்னு சொல்லுவாங்க, நிர்வாகச் செலவுக்கு அவங்க ஒரு பங்கு எடுத்துக்குவாங்க, இது அந்த கமிஷன் மாதிரி இல்ல, பட்ஜெட்லயே வெளிப்படையா எழுதுறது. பணம் எத்தனை நாள்ல உங்க கைக்கு வரும், யார் கையெழுத்து போடணும், சண்டை வந்தா என்னன்னு எல்லாத்தையும் எழுதி வாங்கிக்கோங்க, தெரிஞ்சவங்கதானேன்னு வாய்ப்பேச்சோட விட்டுடாதீங்க. வெளிநாட்டுப் பணம் வாங்க உங்க நாட்டு சட்டத்துல தனி அனுமதி வேணுமாங்கிறதையும் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ஒரு ஆடிட்டர்கிட்ட கேட்டுடுங்க. பணம் ஓகே ஆகி வாங்க முடியாம நின்ன குழுவை நான் பார்த்திருக்கேன், அந்த அழுகை இன்னொருத்தருக்கு வேணாம்.

இப்ப எழுதுறதுக்கு வர்றேன். ஒரு தடவை ஒரு சின்ன ஃபண்டுக்கு அப்ளிகேஷன் படிச்சு மார்க் போடுற குழுவுல நானும் உக்காந்திருந்தேன். நூத்துக்கணக்கான தாள், எல்லாத்துலயும் 'பெண்களை அதிகாரப்படுத்துதல்', 'விழிப்புணர்வு ஏற்படுத்துதல்'னு ஒரே வார்த்தைங்க, சாயங்காலம் ஆனதும் எது யாரோடதுன்னே ஞாபகம் இல்ல. அதுக்கு நடுவுல ஒரு குழு அவங்க வருகை நோட்டோட ஒரு பக்கத்தை போட்டோ எடுத்து வச்சிருந்தாங்க. பேருங்களை மறைச்சிருந்தாங்க, வராத நாள்ல வெறும் ஆப்சென்ட் போடாம பக்கத்துலயே ஏன்னு எழுதியிருந்தாங்க, 'தம்பியை பார்த்துக்க', 'அம்மாவுக்கு காய்ச்சல்', அப்புறம் ஒவ்வொரு மாசமும் சில பேருக்கு தொடர்ச்சியா மூணு நாள் கோடு மட்டும். கீழ பென்சில்ல ஒரு வரி: 'கேட்டோம். கழிப்பறை கதவுக்கு தாழ்ப்பாள் இல்லையாம். போட்டாச்சு.' அடுத்த மாசப் பக்கத்துல அந்த கோடுங்க ரொம்பக் குறைஞ்சிருந்துச்சு. அந்த பக்கத்தை பார்த்ததும் ரூம்ல எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம இருந்தோம். அவங்களுக்கு பணம் கிடைச்சுது. இந்த மாதிரி ஒரு பக்கத்தை அந்த 10 சதவீதக்காரரால எழுத முடியுமா? உங்களால முடியும், நாலு வருஷ நோட்டு உங்ககிட்ட இருக்கு. நின்னு போன எத்தனை பேர் திரும்ப ஸ்கூலுக்கு போனாங்க, யாரு போகல, ஏன் போகலன்னு உக்காந்து எண்ணுங்க, போகாதவங்க கணக்கையும் மறைக்காம எழுதுங்க. பொண்ணுங்க பேரு, முகம், கதை எதையும் அவங்க சம்மதமும் வீட்டுல சம்மதமும் இல்லாம வெளிய குடுக்காதீங்க, எவ்வளவு பெரிய டோனர் கேட்டாலும்.

பட்ஜெட் பத்தி ஒரே ஒரு விஷயம், ஆனா இதுலதான் நான் பிடிவாதமா இருப்பேன். உங்க மூணு பேருக்கும் சம்பளம் போடுங்க. நீங்க அனுப்பின ப்ரோபோசல்ல அது இருந்திருக்காதுன்னு நான் அடிச்சு சொல்லுவேன், ஏன்னா நம்ம பெண்கள் எல்லாருமே அப்படித்தான், நாம செய்ற வேலைக்கு காசு கேட்டா அது சேவை இல்லன்னு யாரோ நம்ம மண்டையில ஏத்தி வச்சிருக்காங்க. நோட்டு, பேனா, கம்ப்யூட்டருக்கு மட்டும் கேட்டு வாங்குவீங்க, கம்ப்யூட்டர் வந்துடும், சொல்லிக் குடுக்க ஆள் இருக்காது. வாடகை, கரண்ட், கணக்கு பார்க்கிறவர் கூலி, ராத்திரி பொண்ணுங்க பத்திரமா வீடு போறதுக்கு ஆகுற செலவு எல்லாத்தையும் முழுசா போடுங்க. ஒரு திட்டத்துக்கு மட்டும்னு இல்லாம அமைப்பு உயிரோட இருக்கிறதுக்கே குடுக்கிற பணத்தை கோர் ஃபண்டிங்னு சொல்லுவாங்க, நான் மேல சொன்ன பெண்கள் நிதியங்கள் அதைக் குடுக்கிறதுல முன்னாடி நிக்கிறவங்க, அங்க கூசாம கேளுங்க. சம்பளம் போட்டா தள்ளிடுவாங்களோன்னு பயப்படாதீங்க, இதுவரைக்கும் நீங்க கைக்காசா போட்டதையும் எங்க பங்களிப்புன்னு ஒரு வரியா காட்டுங்க, அதுவும் பணம்தான்.

ஒரு எச்சரிக்கை, சுருக்கமா. தேடிட்டே இருக்கிறவங்களை தேடி மோசடி மெயிலும் வரும், உங்களுக்கு மானியம் சாங்ஷன் ஆயிடுச்சு, ப்ராசஸிங் ஃபீஸ் கட்டுங்கன்னு. ஐநா பேர்லயே வரும், லோகோவோட வரும். ஐநா அமைப்புகள் எதுவும் மானிய அப்ளிகேஷனுக்கு கட்டணம் வாங்குறது கிடையாது. நீங்க அப்ளையே பண்ணாத இடத்துல இருந்து சாங்ஷன் வந்தா டிலீட் பண்ணிடுங்க.

அப்புறம் அந்த ரெண்டு பேர், முடியாதுன்னு பதில் போட்டாங்களே, அவங்களை நீங்க கழிச்சுட்டீங்க, நான் அவங்களைத்தான் முதல்ல எடுப்பேன். 31 பேர்ல உங்களை படிச்சது நிச்சயமா அந்த ரெண்டு பேர்தான். இந்த வாரமே ரெண்டு பேருக்கும் தனித்தனியா எழுதுங்க, படிச்சதுக்கு நன்றி, எங்க இடறினோம்னு ஒரு வரி சொன்னா போதும், எங்களை மாதிரி குழுவுக்கு குடுக்கிற வேற யாராவது உங்களுக்கு தெரியுமான்னு கேளுங்க. பதில்ல ஒரு பேரு வந்தா, அந்தப் பேரோட போன மூணு வருஷ கணக்கை எடுத்து வச்சுட்டு எனக்கும் ஒரு லெட்டர் போடுங்க. நோட்டுல இருந்து நீங்க எழுதுற அந்த ஒரு பக்கத்தை அனுப்பினா நானே உக்காந்து படிச்சு கருத்து சொல்றேன், அதுக்கு சதவீதம் எதுவும் வேணாம்.