எலிக்குப் போட்ட ஊசி எனக்கும் பலிக்குமா?

கேள்வி: என் வயது 27. கபடி ஆடும்போது முழங்காலில் முன்சிலுவை ஜவ்வு அறுந்து, 6 மாதம் முன்பு அறுவைசிகிச்சை செய்துகொண்டேன். எலிகளுக்கு ஊசி போட்டு மூட்டுத் தேய்மானத்தைத் தடுத்துவிட்டதாகப் படித்தேன். எனக்கும் அது கிடைக்குமா? ஜவ்வைச் சரிசெய்த பிறகும் தேய்மானம் வருமா?

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் பார்த்துவிடுவோம். வரலாம். ஜவ்வு அறுகிற நொடியில் தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் ஒன்றோடொன்று இடிக்கின்றன. எலும்பு முனைகளை மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பும் அடி வாங்குகிறது. அதற்கு ரத்தக்குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. எனவே சத்தமில்லாமல் கெடும், லேசில் ஆறாது. ஸ்வீடனில் ஜவ்வு அறுந்த கால்பந்து வீராங்கனைகளுக்கு 12 ஆண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்தார்கள். சராசரி வயது 31தான். பாதிப் பேருக்குத் தேய்மானம் தெரிந்தது. அறுவைசிகிச்சை செய்தவர், செய்யாதவர் என்ற வித்தியாசமும் பெரிதாக இல்லை.

இப்போது எலிக்கு வருவோம். 1973இலேயே பாண்ட், நூக்கி என்ற இருவர் நாய்களுக்கு இதே ஜவ்வை வெட்டி, தேய்மானம் எப்படித் தொடங்குகிறது என்று பார்த்தார்கள். பிறகு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில், சுண்டெலிக்கு மயக்கம் கொடுத்து, தோலைத் திறக்காமலே முழங்கால் எலும்பை முறித்தார்கள். உடனே, அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூகின்-1 என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தை மூட்டுக்குள் செலுத்தினார்கள். தேய்மானம் வெகுவாகக் குறைந்தது. நீங்கள் படித்ததும் இந்த வகை ஆய்வாக இருக்கலாம்.

கவனிக்க வேண்டியது அந்த ‘உடனே’. உங்களுக்கோ அடிபட்டு ஆறு மாதத்துக்கு மேலாகிவிட்டது. தவிர, சுண்டெலியின் குருத்தெலும்புத் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. உங்களுடையது 2, 3 மில்லிமீட்டர். ஆடு, குதிரை என்று பெரிய மூட்டுகளிலும் சோதிப்பது அதனால்தான். அடிபட்ட பின் தேய்மானம் வராமல் தடுக்கும் என்று மனிதர்களுக்கு நிரூபணமான மருந்து இன்றைக்கு எதுவும் இல்லை. ‘குருத்தெலும்பு வளர்க்கும் ஊசி’ என்று யாராவது பேக்கேஜ் பேசினால், பர்ஸைத் திறக்காதீர்கள்.

உங்கள் கையில் இருப்பது தொடைத் தசை. முழங்கால் சில்லுக்கு 15 செ.மீ. மேலே டேப் வைத்து இரண்டு தொடையையும் அளந்து பாருங்கள். ஆபரேஷன் ஆன கால் இளைத்திருந்தால் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லிப் பயிற்சியைக் கூட்டுங்கள். எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆகி 9 மாதம் முடியாமல், இரண்டு கால் பலமும் ஏறக்குறைய சமமாகாமல் கபடிக் களத்தில் இறங்க வேண்டாம். அதற்குமுன் ஆடினால் மறுபடி அடிபடும் வாய்ப்பு அதிகம். பயிற்சிக்குப் பின் முழங்கால் வீங்கி, மறுநாளும் வடியவில்லை என்றால், அறுவைசிகிச்சை செய்த மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.